மேட்டு லைன் ஏத்தமும் ஒரு டர்போவும்

எங்கள் லைனுக்கு அம்மன் ஏன் வருவதில்லை என்று சின்ன வயதில் யாராவது என்னைக் கேட்டிருந்தால், லாரிக்குச் சத்து போதவில்லை என்று சொல்லியிருப்பேன். எனக்கு அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். சாமி விஷயத்தில் பெரியவர்கள் ஒன்றை நினைத்துக்கொண்டு இன்னொன்றைச் சொல்வார்கள் என்று பதினோரு வயதில் யாருக்குத் தோன்றும்.

நான் எட்டாவதோடு நின்றவள். வெள்ளிக்கிழமை தலைக்கு ஊற்றி விளக்கேற்றாமல் ஒரு வாய் காப்பி குடித்தது கிடையாது, இன்றைக்கும் அப்படித்தான். அதனால் அந்தத் தாயைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவள் வரத் தயாராகத்தான் இருந்தாள். என் கண்ணால் பார்த்தேன்.

கோலார் தங்க வயலில் நாங்கள் குடியிருந்த இடத்துக்கு மேட்டு லைன் என்று பேர். தகரக் கூரை போட்ட நாலு வரிசை வீடுகள். பின்னால் சுரங்கத்தில் தங்கம் பிரித்தபின் மிஞ்சுகிற சயனைடு மண்ணைக் கொட்டிக் கொட்டி மலையாகவே ஆகிவிட்ட மேடு. முன்னால் செங்குத்தாக ஒரு பாதை. அதைத்தான் ஏத்தம் என்போம். குழாய் ஏத்தத்துக்குக் கீழே இருந்தது. தண்ணீர் வேண்டுமென்றால் இறங்க வேண்டும், இடுப்பில் ஒன்று தலையில் ஒன்று வைத்துக்கொண்டு ஏற வேண்டும். அம்மா ஒரு நாளைக்கு ஆறு நடை ஏறுவாள். நான் மூன்று.

ஆடி மாதக் கடைசி வெள்ளியன்று பஜார் கோயிலிலிருந்து பூப்பல்லக்கு புறப்படும். லாரியின் மேல் மூங்கில் கட்டி, மல்லியும் கனகாம்பரமும் சாமந்தியுமாக ஒரு கோபுரமே எழுப்பியிருப்பார்கள். நடுவில் அம்மன். பின்னால் விளக்குக்கு ஜெனரேட்டர். ராத்திரியெல்லாம் ஒவ்வொரு லைனாகப் போய்விட்டு, பொழுது விடிந்து ராத்திரி ஷிப்ட் முடிகிற சங்கு ஊதும் நேரத்துக்கு எங்கள் ஏத்தத்தின் அடியில் வந்து நிற்கும். அதற்கு மேல் வராது. நாங்கள்தான் தட்டு எடுத்துக்கொண்டு இறங்குவோம். மற்ற லைன்களில் பூசாரி கீழே இறங்கித் தட்டு வாங்குவார். எங்களுக்கு மட்டும் லாரி மேலேயே நின்று கற்பூரம் காட்டிவிட்டு, குங்குமப் பொட்டலங்களைத் தூக்கிப் போடுவார். இன்ஜின் சூடாகியிருக்கும், பாவம், அவசரம் என்று நினைத்துக்கொள்வேன். பொட்டலம் பிடிப்பதில் எங்கள் லைன் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள்.

அந்த லாரியை ஓட்டியது என் சொந்தத் தாய்மாமன். அம்மாவுக்குத் தம்பி, எங்கள் வீட்டிலேயே இருந்தவர். லாரி தர்மகர்த்தாவுடையது. அவருக்கு பஜாரில் அரிசி மண்டி இருந்தது. வருஷமெல்லாம் மாமா பங்காருபேட்டையிலிருந்து அந்த லாரியில் மூட்டை ஏற்றி வருவார். ஆடியில் ஒரு ராத்திரி அதே லாரியில் அம்மனை ஏற்றிக்கொண்டு ஊரெல்லாம் சுற்றுவார். கடைசியில் தன் வீட்டுக்கு ஒரு கூப்பிடு தூரத்தில் நிறுத்தி, வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார்.

எனக்குப் பதினோரு வயதான வருஷம் ஆனி மாதத்தில் அம்மா நாலு பெண்களைக் கூட்டிக்கொண்டு கோயில் கூட்டத்துக்குப் போனாள். நானும் முந்தானையைப் பிடித்துக்கொண்டு போனேன். நாங்கள் செருப்பு விடுகிற இடத்தில் நின்றோம்.

"இன்னாம்மா?" என்றார் தர்மகர்த்தா.

"பல்லக்கு மேல வரணும் மொதலாளி. கீழயே நின்னு போனா எப்படி?"

"நான் வேணாம்னா சொல்றேன்? ஏத்தம் விடலியேம்மா. ஓட்டறவன் உன் தம்பிதானே, அவனையே கேளு."

மாமா கோயில் வாசலில் லாரியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "இப்ப கீற இன்ஜினுக்கு ஏறாதுதான்" என்றார்.

"ஏறுற மாதிரி பண்ணா?" என்று அம்மா கேட்டாள்.

தர்மகர்த்தா சிரித்தார். "பண்ணுங்க. ஏறுனா அம்மா வருவா. தடுக்க நான் யாரு?" சுற்றி இருந்தவர்கள் அவர் முகத்தையே பார்த்ததால், கொஞ்சம் யோசித்து ரெண்டு நிபந்தனை போட்டார். பல்லக்கு நடக்கிற வேகத்தில்தான் ஏற வேண்டும். ஏறும்போது ஓரடிகூடப் பின்னால் வரக் கூடாது, வந்தால் ஊருக்கு ஆகாது. அப்படி வந்துவிட்டால் மேட்டு லைன் அதற்கப்புறம் எந்தக் காலத்திலும் இந்தப் பேச்சை எடுக்கக் கூடாது.

அம்மா சரி என்றாள். வழியெல்லாம் மாமா முனகிக்கொண்டே வந்தார். "நீ பாட்டுக்கு சரின்னுட்டியேக்கா. இன்னா பண்ணி ஏத்தறது?"

"அது எனக்குத் தெரியாது. நான் கேக்கறதைக் கேட்டேன். நீ ஓட்டறதை ஓட்டு."

மாமாவுக்கு ஒரு யோசனை இருந்தது. அணைக்கட்டு வேலையில் ஓடி ஓய்ந்த புல்டோசர்களைப் பிரித்துப் போட்ட பழைய இரும்புக் கடை ஒன்று பங்காருபேட்டையில் இருந்தது. பள்ளிக்கூடம் இல்லாத ஒரு சனிக்கிழமை என்னையும் லாரியில் உட்காரவைத்துக்கொண்டு போனார். கடைக்காரர் ரெண்டு சாமானை எடுத்துக் காட்டினார். ஒன்று பூசணிக்காய் அளவு, இன்னொன்று தேங்காய் அளவு. ரெண்டு நத்தைகளை முதுகோடு முதுகு ஒட்டவைத்த மாதிரி இருந்தன. அதற்குப் பேர் டர்போ என்றார் மாமா. இன்ஜின் விடுகிற புகை ஒரு நத்தைக்குள் புகுந்து அங்கே இருக்கிற சக்கரத்தைச் சுற்றுமாம். அதே தண்டில் அடுத்த நத்தைக்குள்ளும் ஒரு சக்கரம். அது வெளிக் காற்றை இழுத்து இன்ஜினுக்குள் திணிக்குமாம். வீணாகப் போகிற புகையே இன்ஜினுக்கு ஊதிவிடுகிறது என்று எனக்குப் புரிந்தது.

கடைக்காரர் பாதி தெலுங்கு பேசுகிறவர். "சின்னதே சாலும்ப்பா உன் வண்டிக்கு" என்றார்.

"எங்க ஏத்தத்தை நீ பாத்ததில்ல" என்றார் மாமா. பூசணிக்காயைத் தூக்கி என் மடியில் வைத்தார். வீடு வரைக்கும் குழந்தை மாதிரி பிடித்துக்கொண்டு வந்தேன். பாவாடையெல்லாம் கரி.

தர்மகர்த்தா தடுக்கவில்லை. இன்ஜினுக்குச் சத்து கூடினால் நடைக்கு நாலு மூட்டை கூட வரும் என்று கணக்குப் போட்டிருப்பார். "வண்டி கெட்டா உன் வேலை போச்சு" என்று மட்டும் சொன்னார். மாமா சரி என்றார். அக்காவும் தம்பியும் எதற்கும் சரி சொல்கிற ஜாதி.

ரெண்டு ஞாயிற்றுக்கிழமை வேலை நடந்தது. டர்போவைப் பூட்டி, அதன் தண்டு காய்ந்து போகாமல் ஆயில் போக ஒரு குழாயும் கொடுத்து ஓட்டிப் பார்த்தால், விசில் மாதிரி ஒரு சத்தம் வந்தது, அவ்வளவுதான். சத்து ஒன்றும் கூடவில்லை. மாமா அடுப்படியில் உட்கார்ந்து தலையைச் சொறிந்தார். அம்மா ஊதாங்குழலை எடுத்து அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். "வெறகே இல்லாத அடுப்ப எவ்ளோ ஊதினா இன்னாடா எரியும்" என்று விறகைச் சொன்னாளோ லாரியைச் சொன்னாளோ, மாமா எழுந்து ஓடினார். டீசல் பம்பில் ஈயம் வைத்து முத்திரை போட்ட ஒரு திருகு உண்டு. இன்ஜினுக்கு இவ்வளவு டீசல்தான் போகலாம் என்று கட்டிப்போட்டிருக்கிற திருகு. அந்த முத்திரையை உடைத்து, திருகைக் கூட்டிவைத்தார். இப்போது ஓடியது. ஆனால் முழு வேகத்தில் விக்கியது. டாங்கியிலிருந்து வருகிற குழாய் சின்னது, இன்ஜின் கேட்கிற டீசலை அதால் கொடுக்க முடியவில்லை என்று கண்டுபிடித்து, குழாயைப் பெரிதாக்கினார், இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சுகிற நாசில்களையும் மாற்றினார். காற்றைக் கூட்டினால் டீசலைக் கூட்ட வேண்டும், டீசலைக் கூட்டினால் அது வருகிற வழியையெல்லாம் கூட்ட வேண்டும். ஒரு மருமகள் வந்தால் வீட்டில் எல்லாவற்றையும் மாற்றிவைக்க வேண்டியிருக்கிற மாதிரி.

அடுத்த ஞாயிறு லாரி நிறைய மணலை ஏற்றிக்கொண்டு, தூரத்திலிருந்தே வேகமாக வந்து, ஏத்தத்தில் ஏறினார். விசில் சங்கு மாதிரி ஊதியது. லாரி ஒரே மூச்சில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றது. லைனே கூடிவிட்டது. மாமாவைத் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். வேகமாக ஏறிய லாரியைப் பார்த்தோமே தவிர, அம்மன் மெதுவாக அல்லவா வருவாள் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. என் அம்மாவுக்கும் தோன்றவில்லை.

அப்பா சுரங்கத்துக்குள் மரம் முட்டுக்கொடுக்கிற வேலை பார்த்தவர். அதிகம் பேச மாட்டார். இந்த விஷயத்தில் அவர் செய்தது, கழித்துப்போட்ட சுரங்க மரத்தில் ஆப்பு வடிவத்தில் எட்டுக் கட்டைகள் அறுத்துக் கொண்டுவந்ததுதான். "பின்னால வரக் கூடாதுன்னா, வராம பாத்துக்கணும்" என்றார். லாரி ஏறும்போது சக்கரத்துக்குப் பின்னாலேயே பெண்கள் கட்டையோடு நடக்க வேண்டும், நின்றால் செருக வேண்டும். எனக்கும் ஒரு கட்டை கிடைத்தது. ஒரு வாரம் தண்ணீர்க் குடத்தை உருட்டிவிட்டுக் கட்டை செருகிப் பழகினேன். குடம் ரெண்டு இடத்தில் நசுங்கியது.

ஆடிக் கடைசி வெள்ளி விடிந்து சனிக்கிழமை காலை. ஏத்தம் முழுக்கச் சாணி தெளித்துக் கோலம் போட்டிருந்தோம். எங்கள் லைன் தோன்றிய நாளிலிருந்து அந்தப் பாதையில் கோலம் போட்டது அன்றைக்குத்தான். பல்லக்கு வந்து அடியில் நின்றது. நாதஸ்வரமும் தவிலும் முன்னால். தர்மகர்த்தா கைத்தடியோடு பக்கத்தில். மாமா என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுக் கியர் போட்டார்.

நடக்கிற வேகம். அம்மன் அசைந்து அசைந்து ஏறினாள். ஏத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு ஏறியிருப்பாள். இன்ஜின் முக்க ஆரம்பித்தது. மாமா மிதித்தார். விசில் வரவில்லை. அதற்குப் பதிலாகப் புகை வந்தது. அந்தப் புகையை நான் எப்படிச் சொல்வேன். தார் காய்ச்சுகிற இடத்தில்கூட அப்படிப் பார்த்ததில்லை. சுருட்டிச் சுருட்டி மேலே எழும்பிப் பல்லக்கை மூடிக்கொண்டது. மல்லி எது கனகாம்பரம் எது என்று தெரியவில்லை. உள்ளே பூசாரி இருமுகிற சத்தம் மட்டும் கேட்டது. இன்ஜின் ரெண்டு உதறு உதறிவிட்டு அணைந்தது.

"கட்டை" என்று அம்மா சொன்னாள். கத்தவில்லை, சொன்னாள். எட்டுக் கட்டைகளும் ஒரே நேரத்தில் சக்கரங்களுக்கு அடியில் போயின. என் கட்டை இடது பக்கப் பின் சக்கரத்துக்கு.

லாரி நின்ற இடத்திலேயே நின்றது. தர்மகர்த்தா வந்து குனிந்து பார்த்தார். சக்கரத்துக்கும் என் கட்டைக்கும் நடுவில் ஒரு சாமந்திப் பூ விழுந்து கிடந்தது. அது நசுங்கவில்லை. அவர் கைத்தடியால் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"சரி, பாத்தாச்சு. சாமியைக் கஷ்டப்படுத்தினது போதும். மெல்ல இறக்கித் திருப்பிடு" என்று மாமாவிடம் சொன்னார்.

அம்மா ஓட்டுநர் கதவுப் படியில் ஏறி நின்றாள். "டேய், அடுப்பு கொள்ளாம வெறகை அமுக்கிட்டு ஊதாம உக்காந்துகினு கீறியேடா. பொகையாம இன்னா பண்ணும்?"

மாமாவின் முகம் வியர்த்து வழிந்தது. "அது ஊத மாட்டேங்குதுக்கா. பெருசு இல்ல? இவ்ளோ பெரிய சக்கரத்தை இந்தத் துளி புகை சுத்தாது. இன்ஜின் நல்லா வேகம் புடிச்சாத்தான் ஊதும். வேகம் புடிச்சா வண்டி நடக்காது. ஓடும்."

அம்மா ஒரு நிமிஷம் அம்மனைத் திரும்பிப் பார்த்தாள். அப்புறம் சொன்னாள்: "ஓடட்டும்."

"பல்லக்கு ஓடறதா? இது எந்த ஊர் வழக்கம்?" என்றார் தர்மகர்த்தா. "நடக்கற வேகம்னு பேசியிருக்கோம்."

"பின்வாங்கக் கூடாதுன்னும்தான் பேசினோம் மொதலாளி. அம்மா நடந்தா நாங்க நடப்போம், ஓடினா ஓடுவோம். நீங்க மெல்ல வாங்க, ஒண்ணும் அவசரம் இல்ல."

பக்கத்தில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். தர்மகர்த்தாவுக்கு முன்னால் எங்கள் லைன் பெண்கள் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அந்த நேரத்துக்குச் சங்கு ஊதிவிட்டிருந்தது. ராத்திரி ஷிப்ட் முடிந்த ஆண்கள் தொப்பியும் விளக்குமாக ஏத்தத்தின் அடிக்கு வந்து சேர்ந்தார்கள். அப்பாவும் இருந்தார். என்ன ஏது என்று அவர் யாரையும் கேட்கவில்லை. தொப்பியைக் கழற்றி என் தலையில் வைத்துவிட்டு, லாரியின் பின்பலகையில் தோளைக் கொடுத்தார். அவருக்குப் பக்கத்தில் இருபது முப்பது தோள்.

மாமா இன்ஜினைக் கிளப்பினார். கட்டைகள் அப்படியே இருந்தன. கிளட்சை அரைகுறையாக விட்டு, ஆக்சிலேட்டர் தரையில் இடிக்கிற வரைக்கும் மிதித்தார். மறுபடி கருப்புப் புகை. எங்கள் முகம், துணி, கோலம் எல்லாம் கருப்பு. லாரி நடுங்கியது. அந்த நடுக்கத்துக்கு அடியிலிருந்து, தூரத்தில் யாரோ பிள்ளையைத் தாலாட்டுகிற மாதிரி, மெல்லிசாக விசில் கிளம்பியது. விசில் கூடக் கூடப் புகை கருப்பிலிருந்து சாம்பலாகி, சாம்பலிலிருந்து ஒன்றுமில்லாமல் ஆனது. விறகுக்கு ஏற்ற காற்று வந்துவிட்டது.

"கட்டையை எடுங்க" என்று மாமா அலறினார்.

எடுத்தோம். லாரி பாய்ந்தது. அம்மன் ஓடினாள். நாங்கள் ஓடினோம். நாதஸ்வரக்காரர் நாதஸ்வரத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடினார். தவில் அதை வைத்திருந்தவரின் வயிற்றில் தானாகவே அடித்துக்கொண்டு வந்தது. பூசாரி மூங்கிலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு தொங்கினார். பூவெல்லாம் உதிர்ந்து எங்கள் தலைமேல் விழுந்தது. அப்பாவின் தொப்பி கண்ணை மறைத்ததால் பாதி வழி எனக்கு ஒன்றும் தெரியவில்லை. விசில் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே ஓடினேன். தெரிந்தபோது, அம்மன் எங்கள் வீட்டு வாசலில் நின்றாள்.

பூ பாதிதான் இருந்தது. இருந்ததும் கருப்பு. அம்மன் முகத்தில் மஞ்சளே தெரியவில்லை. மூக்குத்திக்குப் பக்கத்தில் ஒரு பெரிய கரித் திட்டு. எல்லாரும் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றோம். பூசாரி படியில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தார். அப்போது அம்மா லாரிச் சக்கரத்தில் கால் வைத்து ஏறினாள். முந்தானையைக் குடத்துத் தண்ணீரில் நனைத்தாள். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் எப்படித் துடைப்பாளோ அதே மாதிரி, தாடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, அம்மன் முகத்தைத் துடைத்தாள். நெற்றி, மூக்கு, கன்னம், காது மடலுக்குப் பின்னால்கூட. "ஏத்தத்துல ஏறினா அப்படித்தான் இருக்கும்" என்று அவளிடம் மெதுவாகச் சொன்னாள்.

பூசாரி கையை நீட்டி என்னமோ சொல்ல வந்தார். இருமல்தான் வந்தது. தர்மகர்த்தா அப்போதுதான் ஏத்தத்தின் தலைக்கு வந்து சேர்ந்தார். அம்மாவின் கை அம்மன் கன்னத்தில் இருந்ததைப் பார்த்தார். நிழலில்கூட நிற்காமல் திரும்பி இறங்கிப் போய்விட்டார். அவருக்கு வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன். பூசாரியை இறக்கிவிட்டு மோர் கொடுத்தோம். குடிக்கவில்லை.

மறு வருஷம் ஆனியில் கோயில் கமிட்டியிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். அம்மனைப் புகையில் கருக்கிவிட்டோம், ஓடவைத்துவிட்டோம், பூவைக் கொட்டிவிட்டோம். நடக்கிற வேகத்தில் புகை இல்லாமல் ஏறுகிற வண்டி இருந்தால் மட்டும் வந்து பேசட்டும் என்று.

எனக்கு நியாயமாகத்தான் பட்டது. புகை வந்தது நிஜம்தானே.

மாமா பங்காருபேட்டைக்குப் போய், பூசணிக்காயைக் கொடுத்துவிட்டுத் தேங்காயை வாங்கிக்கொண்டு வந்தார். கடைக்காரர் அதை ஒரு வருஷமாக விற்காமல் வைத்திருந்தாராம். "வருவேன்னு தெரியும்ப்பா" என்றாராம். சின்னது சீக்கிரம் சுற்றும். நடக்கிற வேகத்துப் புகையே அதற்குப் போதும். ஆனால் அது ஊதுகிற காற்றுக்கு ஓர் அளவு உண்டு, அதற்குமேல் ஊதாது. அதனால் மாமா டீசல் திருகைக் குறைத்துக்கொண்டே வந்தார். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை ஏத்தத்தில் ஏறிப் பார்த்து, புகையின் நிறத்தைப் பார்த்து, மறுபடி குறைத்தார். பழைய நாசில்களையே திரும்பப் போட்டார். பங்காருபேட்டை ரோட்டில் போன வருஷத்து வேகம் வரவில்லை என்று தர்மகர்த்தா முணுமுணுத்தாராம். "இது ஓடறதுக்கு இல்ல மொதலாளி, நடக்கறதுக்கு" என்று மாமா பதில் சொன்னாராம்.

ஆடி பிறந்த முதல் ஞாயிறு, பட்டப் பகலில், கமிட்டி ஆட்கள் நாலு பேரையும் தர்மகர்த்தாவையும் அம்மா ஏத்தத்தின் அடிக்கு வரவழைத்தாள். லாரியில் பல்லக்கின் எடைக்கும் மேலாக அரிசி மூட்டை, அதுவும் அவர் மண்டி மூட்டையே. அம்மா குழாயில் ரெண்டு குடம் பிடித்து, ஒன்றைத் தலையிலும் ஒன்றை இடுப்பிலும் வைத்துக்கொண்டு லாரியின் பக்கத்தில் வந்து நின்றாள். "நடக்கற வேகம்னா இதானே?" என்று கேட்டுவிட்டு நடந்தாள். லாரி அவளோடு நடந்தது. அவள் முந்தவில்லை, அதுவும் முந்தவில்லை. நடுவில் அவள் நின்று சேலையைச் சரிசெய்தாள். லாரி நின்றது. அவள் நடந்தாள், அது நடந்தது. சன்னமாக விசில். புகைக்குழாய் வாயில் நான் வெள்ளைக் கைக்குட்டை ஒன்றைக் கட்டியிருந்தேன். மேலே போய் அவிழ்த்துக்கொண்டு கீழே ஓடிவந்து எல்லார் முகத்துக்கும் நேராக விரித்துக் காட்டினேன். கொஞ்சம் பழுப்பு, அவ்வளவுதான். குடங்களில் ஒரு சொட்டு சிந்தவில்லை.

அம்மா குடங்களை வீட்டில் வைத்துவிட்டு இறங்கி வந்தாள்.

தர்மகர்த்தா கைத்தடியைக் கை மாற்றிப் பிடித்தார். "இந்த வருஷம் லாரி வேணாம்னு கமிட்டியில பேச்சு" என்றார். "தோள்ல தூக்கறதாம். பஜார் தெருவோட சரி."

அந்த நாலு பேரில் ஒருவர் அவரை ஆச்சரியமாகப் பார்த்தார். அப்படி ஒரு பேச்சு இருந்தது அவருக்கே தெரியாது போல.

"அப்ப இத்தினி வருஷமா தடுத்தது ஏத்தம் இல்ல மொதலாளி?" என்று அம்மா கேட்டாள்.

அவர் கைத்தடியால் மண்ணைக் கீறினார்.

"பொகை இல்ல?"

அவர் லாரியின் பக்கம் திரும்பினார்.

"வேகமும் இல்ல. அப்ப இன்னா? சொல்லுங்க. எங்க புள்ளைங்க முன்னால, இதோ நிக்கறா பாருங்க இவ முன்னால, சொல்லிட்டுப் போங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் கைக்குட்டையை இன்னும் நன்றாக விரித்துக் காட்டினேன். அவர் பார்வையைத் திருப்பிக்கொண்டார். "ஏத்தம் இல்லம்மா" என்று தரையைப் பார்த்துச் சொன்னார். சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அம்மா ஏத்தத்தில் ஏறினாள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, "தடுத்தது ஏத்தம் இல்லியாம், அவரு வாயாலயே சொல்லிட்டாரு" என்று சொல்லிக்கொண்டே போனாள். கல்யாண வீட்டுக்கு அழைக்கிற மாதிரி முகம். பெண்கள் வெளியே வந்தார்கள், கூட்டமாக நின்று பேசினார்கள், சத்தமாகப் பேசினார்கள். மாமா லாரிப் படியில் உட்கார்ந்து பீடி பற்றவைத்தார். மறுநாளிலிருந்து அவருக்கு வேலை இருக்குமா என்று தெரியாது. அவரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

எனக்கு மட்டும் அழுகை. அம்மன் வரப்போவதில்லை, இவர்கள் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று கோபம். எவ்வளவோ பாடுபட்டு எங்கேயோ ஒரு சின்னத் தப்புப் பண்ணிவிட்டோம், அதை ஒருவரும் தேடவில்லையே என்று ஆத்திரம். மாமாவிடம் போய் அந்தக் கைக்குட்டையைக் கொடுத்தேன். அதில் இருந்த பழுப்பைக் காட்டினேன்.

"மாமா, இதைவிடச் சின்ன டர்போ கிடைக்காதா?" என்று கேட்டேன்.

மாமா பீடியை வாயிலிருந்து எடுத்தார். அம்மாவைப் பார்த்தார். அம்மா வந்து, நனையாத முந்தானையால் என் முகத்தை அழுத்தித் துடைத்தாள். மாமா கைக்குட்டையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கடைக்காரர் விலை கூடச் சொல்லியிருப்பார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.